பிறர் கட்டிய பரண்

பரண் என்ற சொல்லைக் கேட்டதும், அடுக்களைக்கு மேலே பழைய அண்டாவும் குண்டாவும் உறங்கும் இடமே நகரத்து வாசகர்களின் நினைவுக்கு வரும். சங்கரன்கோவில் வட்டாரத்து மானாவாரி விவசாயிகளுக்கோ அது வேறொன்று. நான்கு கம்புகளை ஊன்றி, குறுக்கே கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, மேலே பனையோலை வேய்ந்து, ஏறுவதற்குப் படிக்கம்புகளும் கட்டிய இராக்காவல் இடம் அது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நாள்களில் அதன்மேல் ஒரு மனிதர், ஒரு தகர டப்பா, ஒரு டார்ச் விளக்கு, ஒரு பானைத் தண்ணீர். கண்ணயர்ந்தால் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஆண்டு முழுவதற்குமான உழைப்பை உழுதுவிட்டுப் போய்விடும்.

இந்தப் பரணுக்கு நம் இலக்கியத்தில் நெடிய வரலாறு உண்டு. சங்கப் புலவர்கள் இதனை இதணம் என்றனர். தினைப்புனம் காத்த குறமகளிர் இதணத்தில் இருந்தபடி கிளியோட்டிய கருவிகளின் பெயர்களையும் குறிஞ்சிப்பாட்டு நமக்குத் தந்திருக்கிறது: தழல், தட்டை, குளிர். காவலுக்கு நின்ற பரணைப் பின்னாளில் வேட்டையும் தனதாக்கிக்கொண்டது. வெள்ளைக்காரத் துரைமாரும் ஜமீன்தார்களும் துப்பாக்கியோடு அமர்ந்த பரண்களைக் கட்டிக் கொடுத்தவர்கள் ஊரார். அவற்றின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், வேட்டைப் பரண் மறைந்து காவல் பரண் மட்டுமே எஞ்சியது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. சுடும் உரிமை வனத்துறைக்கே. விவசாயிக்கு இன்றும் தகர டப்பாதான்.

சட்டம் விலங்கைப் பற்றிப் பேசுகிறது. பொது நிலத்தில் ஒருவர் கட்டிய பரணில் மற்றொருவர் ஏறலாமா என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. அந்தக் கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி ஞாயிறன்று, திருப்பலி முடிந்த கையோடு, பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

கிளைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இருவர் வந்திருந்தனர். ஒருவர் குத்தகைக்கு இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டவர். அவருடைய நிலம் பள்ளம். சுற்றுப்புறம் முழுவதும் தெரியும் மேடு குளத்தங்கரைப் புறம்போக்கு மட்டுமே. ஆகவே அங்கே பரண் கட்டினார். கரைக்கு மறுபக்கத்து நிலத்துக்காரர் அவ்வப்போது அதில் ஏறி அமர்ந்தார். கட்டியவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஓர் இரவு, துக்க வீடு ஒன்றிற்காகக் கட்டியவர் வெளியூர் போயிருந்தபோது, மறுபக்கத்துக்காரர் மூன்று நண்பர்களோடு வந்து தங்கினார். குளிர் கடுமை. கீழே தீ மூட்டினார்கள்; சுள்ளி தீர்ந்ததும் படிக்கம்புகளில் இரண்டை உருவி எரித்தார்கள். தகர டப்பாவும் காணாமல் போயிற்று. மறுநாள் இரவு கட்டியவர் வந்து பார்த்தால் ஏற வழியில்லை. தரையிலேயே விழித்திருந்தார். விடியுமுன் முக்கால் ஏக்கர் போய்விட்டது.

“நிலம் சர்க்காருது சாமி, யாரு வேணாலும் ஏறலாம்” என்றார் மறுபக்கத்துக்காரர்.

“பொறம்போக்குதான், இல்லங்கல. கம்பு என்னுது, கயிறு என்னுது, ஒறக்கம் முழிச்சது நான். இனிமே படியத் தூக்கிப்புட்டு, சுத்தி உடைமுள்ளக் கட்டப் போறேன் சாமி” என்றார் மற்றவர்.

குருமடத்தில் ‘சும்மா’ என்று நாம் சுருக்கி அழைத்த புனித அக்குவினா தோமையாரின் பெருநூல் அப்போது நினைவுக்கு வந்தது. (பெயர்தான் சும்மா, படிப்பது சும்மா அன்று.) இதே வழக்கு அங்கே அரங்க இருக்கையின் வடிவில் வருகிறது. அரங்கம் எல்லாருக்கும் பொது. ஆயினும் ஒருவர் அமர்ந்த இடத்தை அவருடையது எனச் சொல்வது தகும் என்று ஸ்தோயிக்கரின் கருத்தாகச் சிசரோ எழுதினார். நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார் அதே உவமையைத் திருப்பிப் பிடித்தார்: முதலில் வந்து அமர்ந்துகொண்டு, பின்னால் வருவோரை உள்ளே விடாமல் தடுப்பவனுக்குச் செல்வனை ஒப்பிட்டார். தோமையார் பசிலியாரின் உவமையை எடைபோட்டார். முன்னே வந்து பிறருக்கும் வழி அமைப்பவன் குற்றவாளி அல்லன். பிறரைத் தடுக்கும்போதே குற்றவாளி ஆகிறான் என்பது அவர் முடிவு.

இதைப் புரிந்துகொள்ள உரோமாபுரி வரை போக வேண்டியதில்லை. ஆடித்தபசு நாளில் சங்கரநாராயணர் கோவில் வீதியில் பிற்பகலிலேயே துண்டை விரித்து இடம் பிடிப்போரைக் காண்கிறோம். பேருந்து நிலையத்தில் சன்னல் வழியே வீசப்படும் கைக்குட்டையையும் காண்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பது நம் எண்ணம். விரித்த துண்டின் அருகே வெயிலில் காத்துக் கிடக்கும் மூதாட்டிக்கு ஒரு நியாயம் உண்டு. கைக்குட்டை வீசியவர் இடத்தைப் பிடித்தாரேயன்றி, அந்த இடத்துக்காக எதையும் செய்யவில்லை. பரண் கட்டியவரோ மூதாட்டியைவிடவும் ஒரு படி மேல். முன்பு இல்லாத ஓர் இருக்கையையே அவர் உண்டாக்கினார்.

அமெரிக்காவின் பொது நிலங்களில் வாத்து வேட்டைக்குப் போவோர் கோரையும் கிளைகளும் கொண்டு மறைவிடம் கட்டுவர். பல மாநிலங்களில் அப்படிக் கட்டுவதால் உரிமை பிறப்பதில்லை. விடியலில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கே இடம். ஆயினும் கட்டியவர் வந்து நின்றால் எழுந்து கொடுப்பதே மரியாதை என்று கருதுவோர் அங்கும் உள்ளனர். சட்டம் அனுமதிப்பதற்கும் மனிதன் செய்யத் தகுவதற்கும் இடையே அங்கும் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது.

திண்ணையில் இருந்த உபதேசியார் ஈசாக்கின் கிணறுகளை எடுத்துக் காட்டினார். தம் ஆள்கள் தோண்டிய இரண்டு கிணறுகளுக்கும் கெரார் ஊர் மேய்ப்பர் உரிமை கொண்டாட, ஈசாக்கு வாதாடாமல் அப்பால் சென்று மூன்றாவதைத் தோண்டினார். அதற்கு இரகபோத்து, அதாவது பரந்த இடம், என்று பெயரிட்டார். அழகான பகுதிதான். ஆனால் முக்கால் ஏக்கரை இழந்து நிற்கும் குத்தகைக்காரரிடம் அதைப் படித்துக் காட்ட நமக்கு மனம் வரவில்லை. ஈசாக்கு ஆடுமாடுகளும் பணியாளரும் மிகுந்த செல்வர். அவரால் அப்பால் போக முடிந்தது. இவருக்கு அந்தக் கரையை விட்டால் வேறு மேடு கிடையாது. விட்டுக்கொடுக்கும்படி சொல்வதானால் முதலில் ஏறியவரிடம் சொல்ல வேண்டும். கட்டியவரிடம் சொல்வது நமக்கு எளிது, அவ்வளவே.

ஆகவே மறுபக்கத்துக்காரரிடம் முதலில் பேசினோம். தம் பயிருக்குள் பன்றி இறங்கும் இரவில், வெறுமனே நிற்கும் பரணில் கேட்காமலே ஏறுவதற்கு அவருக்கு உரிமை உண்டு; கடுந்தேவை வரும்போது பொருள்கள் பொதுவாகும் என்பதும் தோமையாரின் போதனையே. ஆனால் அந்தத் தேவை ஏறுவதற்கு இடம் தருகிறது; படியை எரிப்பதற்கு இடம் தராது. நண்பர்களோடு வந்து குளிர்காய்ந்த இரவில் தேவை எங்கே இருந்தது? கட்டியவரின் தலை தெரிந்ததும் அவர் சொல்லும் முன்பே இறங்கியிருக்க வேண்டும். பானையில் தண்ணீர் குறைந்திருந்தால் நிரப்பியிருக்க வேண்டும். வரும்போது தொலைவிலிருந்தே குரல் கொடுப்பதும் முக்கியம். இருட்டில் மேலே இருப்பவர் பன்றி என்றோ திருடன் என்றோ எண்ணிக் கல்லை வீசினால் யாரைக் குற்றம் சொல்வது?

கட்டியவரிடமும் பேச வேண்டியிருந்தது. உடைமுள் கட்டுவது பசிலியார் சொன்ன அரங்கக் கதவை அடைக்கும் செயல். இன்று முள் என்பது நாளை மின்கம்பி ஆகலாம். பன்றிக்கு வைத்த கள்ளத்தனமான மின்வேலியில் மனிதர் மாண்ட செய்திகளைத் தமிழகம் போதுமான அளவு படித்துவிட்டது. இதை அவர் மறுக்கவில்லை. “பெறகு என் சோளத்துக்கு யாரு பதில் சொல்லுவா?” என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்குத் தோமையாரிடம் விடை இருக்கிறது. ஈடு செய்தல் பற்றித் தனியே ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். மறுபக்கத்துக்காரரின் முகம் அப்போதுதான் மாறியது. உரிமை பற்றிப் பேசும்வரை எவருக்கும் வாய் ஓய்வதில்லை. ஈடு என்றதும் திண்ணை அமைதியாகிவிடுகிறது.

பொது இடத்தின் நல்ல மேடுகளை முறைவைத்துப் பகிர்வது நம்மவர்க்குப் புதிதன்று. பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் கடல்நீரேரியில் கத்தோலிக்க மீனவர் சங்கங்களும் கட்டுவலைகளுக்கான இடங்களை அவ்வாறே சீட்டின் வழியாக முடிவு செய்து வந்துள்ளன. நல்ல பாடு ஒருவருக்கே நிலைத்துவிடுவதில்லை. மோசமான பாடும் அப்படியே. இதை அவர்களிடம் சொன்னபோது இருவரும் ஆர்வமாகக் கேட்டனர். ஆனால் பரண் ஒன்றுதானே, குலுக்குவதற்கு எங்கே இருக்கிறது என்றார் குத்தகைக்காரர். அவர் சொன்னது சரி.

முடிவில் அவர்களே ஒன்றுக்கு இசைந்தனர். வாரத்தில் நான்கு இரவு கட்டியவருக்கு, மூன்று இரவு மற்றவருக்கு. யார் மேலே இருந்தாலும் இருபக்க நிலத்துக்கும் காவல். படிக்கம்புகளையும் டப்பாவையும் மறுபக்கத்துக்காரர் மறுநாளே கொண்டுவந்தார். சோளத்துக்கு ஈடாக அறுவடையில் இரண்டு மூட்டை தருவதாகச் சொன்னார். தையில் ஒரு மூட்டை வந்தது. இரண்டாவதைப் பற்றிக் குத்தகைக்காரரிடம் விசாரித்தோம். “தருவாரு சாமி” என்று சொல்லிவிட்டு, பிரித்த பரண் கம்புகளைக் கட்டிச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.