முதல் பரிசு இல்லாத வகுப்பு

ஹாரோ, லண்டன்

அன்புள்ள அண்ணா,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாப்பா போகும் பீவர்ஸில் என்னதான் சொல்லித் தருகிறார்கள், முடிவில் சர்ட்டிபிகேட் உண்டா என்று போனில் கேட்டீர்கள். அண்ணி அதை நீச்சல் வகுப்பு என்றே நினைத்திருக்கிறார். கோடை விடுமுறை விட்டாயிற்று; இப்போது நிதானமாக எழுதலாம்.

சாரணர் இயக்கத்தின் குட்டிப் பிரிவு இது. ஆறு வயதிலிருந்து எட்டு வரை பீவர்ஸ், பிறகு பத்தரை வரை கப்ஸ். நம் ஊரில் குருளையர் என்பார்களே, அந்த வயது. பீவர்ஸ் இங்கே அதிகாரபூர்வமாக வந்தது 1986இல். 2021இல் நாலு வயதுப் பொடிசுகளுக்கும் ஸ்குவிரல்ஸ் என்று ஒன்று தொடங்கிச் சிவப்புச் சட்டை மாட்டிவிட்டார்கள். பாப்பாவுக்கு நீலப்பச்சை ஸ்வெட்டர், கழுத்தில் குழுவின் நிறத்தில் ஸ்கார்ஃப், அதைச் செருகிக்கொள்ள ஒரு வளையம். இந்த வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இயக்கம் கதவைத் திறந்தது 1991இல்தான். 2007இல்தான் எல்லாக் குழுக்களும் சேர்த்துக்கொண்டாக வேண்டும் என்று ஆனது.

கூடுவது சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில். ஈர வாடை அடிக்கும், ஹீட்டர் இருப்பதும் ஒன்றுதான் இல்லாததும் ஒன்றுதான். வாசலிலேயே பெற்றோரை வழியனுப்பிவிடுவார்கள். நடன வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து 'கையை நீட்டு' என்று ஜாடை காட்டிப் பழகியவர்களுக்கு இது பெரிய தண்டனை.

வருஷம் செப்டம்பரில் ஆரம்பிக்கிறது. சில வாரங்கள் வந்து பார்த்து, பிடித்திருந்தால் உறுதிமொழி. என்னால் ஆனதைச் செய்வேன், அன்பாக, உதவியாக இருப்பேன் என்பதுதான் சாரம். கடவுள் வரும் இடத்தை அவரவர் சமயத்துக்கு ஏற்ப மாற்றிச் சொல்லலாம். கடவுளே வேண்டாம் என்பவர்களுக்கு 2014 முதல் தனி வாசகம் இருக்கிறது. முடிந்ததும் இடது கையால் கைகுலுக்கல். பாட்டி இருந்திருந்தால் அந்த இடத்திலேயே சண்டை வந்திருக்கும்.

நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். அதற்காக உள்ளே அடைந்து கிடப்பதில்லை. டார்ச் அடித்துக்கொண்டு பூங்காவைச் சுற்றி வருவார்கள். இரண்டாவது ஞாயிறு போரில் இறந்தவர்களின் நினைவு நாள். சட்டையில் காகிதப் பாப்பிப் பூ குத்தி, கொடியின் பின்னால் நடந்து, பதினோரு மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆறு வயதுக்குப் போர் எதற்கு என்று தோன்றியது. ஆனால் வீட்டில் இரண்டு நிமிடம் வாயை மூடாதவள் அங்கே மூக்கு ஒழுக அசையாமல் நின்றாள்.

டிசம்பரில் வாழ்த்து அட்டை, மாவில் உப்புப் போட்டுச் செய்யும் பொம்மை. பிறகு பான்கேக் செவ்வாய், அன்னையர் தினம். இதெல்லாம் பள்ளியிலும் உண்டு, விடுங்கள்.

பிப்ரவரி 22, நிறுவனர் பேடன் பவலின் பிறந்தநாள். அவர் மனைவி ஓலேவ் பிறந்ததும் அதே தேதி. 1907இல் பிரவுன்சீ தீவில் பையன்களைக் கூட்டிப்போய் அவர் கூடாரம் அடித்த கதையைச் சொல்லிக் கேக் கொடுத்தார்கள். எனக்கு வேறு கதை ஞாபகம் வந்தது. இந்தியாவில் தொடக்கத்தில் சாரணர் படை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டும்தான். நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் தம் சகா அருண்டேலோடு சேர்ந்து 1917இல் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனி அமைப்பைத் தொடங்கினார். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோதுதான் அது தாய் இயக்கத்தோடு இணைந்தது. உங்கள் பையன் வாங்கி, நீங்கள் கூடத்தில் மாட்டிவைத்திருக்கும் ராஜ்ய புரஸ்கார் சாரணர் விருதுக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது. இன்று இந்த ஹாலில் வருகைப் பட்டியலை வாசித்தால் குஜராத்தி, தமிழ், ருமேனியப் பெயர்கள்தான் பாதிக்கு மேல். கேக்கைத் தின்ற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டிய வயதும் அல்ல.

இனி உங்கள் சர்ட்டிபிகேட் கேள்வி. இங்கே கிடைப்பது பேட்ஜ். சமைத்தால் ஒன்று, செடி வளர்த்தால் ஒன்று, வெளியில் ஓர் இரவு தங்கினால் அதற்கும் ஒன்று. ஆறு சவால் பேட்ஜுகளும் கூடவே வேறு நாலும் சேர்ந்தால் தலைமைச் சாரணரின் வெண்கல விருது. அந்தத் தலைமைச் சாரணர் பதவியில் டிவி புகழ் பேர் கிரில்ஸ் இருந்தார். 2024 முதல் டுவேன் ஃபீல்ட்ஸ். இதையெல்லாம் சட்டையில் தைத்துக் கொடுப்பது நம் வேலை. ஊசியில் நூல் கோக்க எனக்கு இப்போதே கண்ணாடி வேண்டியிருக்கிறது.

கேளுங்கள், இதில் முதல் இடம் கிடையாது. பாப்பா கட்டிய முடிச்சு தொட்டதும் அவிழ்ந்தது, அவளுக்கும் பேட்ஜ். பக்கத்துப் பையன் கட்டியது கப்பலையே நிறுத்தும். அவனுக்கும் அதே பேட்ஜ். முயன்றாயா, போதும். நம்மவர்களுக்கு இதைத் தாங்க முடிவதில்லை. சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி, மதியம் பரதம், அதற்குமேல் பதினோரு வயது நுழைவுத் தேர்வுக்கு இப்போதிலிருந்தே டியூஷன் என்று ஓடும் வீடுகள் இவை. ஒரு அம்மா வாசலில் என்னைப் பிடித்து, "உங்க பொண்ணு எத்தனை பேட்ஜ்?" என்று கேட்டார். எத்தனை என்று சொல்லிவிட்டு நானும் "உங்க பையன்?" என்றேன். பழக்கதோஷம். என் கணக்கில், வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் பாப்பா யாரோடும் ஒப்பிடப்படாமல் இருக்கிறாள். அதற்காகவே சந்தா கட்டலாம்.

ஒப்பிடாவிட்டால் பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பீர்கள். கில்வெல் பார்க்கில் தங்கப் போனபோது வந்து பார்த்திருக்க வேண்டும். லண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் காட்டின் ஓரத்தில், 1919இல் சாரணர்களுக்குக் கிடைத்த இடம். அங்கே காய்க்குத் தோல் சீவும் சீவுளியைக் கொடுத்துக் குச்சியின் பட்டையைச் சீவச் சொன்னார்களாம். தீக்குச்சி கிழித்து நெருப்பு மூட்டவும் விட்டார்களாம், பக்கத்தில் வாளித் தண்ணீரோடு. நான் அடுப்படிப் பக்கமே விடாத பிள்ளை! நெருப்பில் வாட்டும் மார்ஷ்மெலோவில் ஜெலட்டின் இருக்குமே, எங்கள் வீட்டில் ஆகாதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர்கள் முன்பே எல்லோருக்கும் சைவ மார்ஷ்மெலோதான் வாங்கியிருந்தார்கள். பாப்பா மறுநாள் புகை நாற்றத்தோடு, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு வந்து இறங்கினாள்.

இத்தனையையும் செய்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை, அண்ணா. எங்கள் குழுவின் தலைவி பகலில் மருந்துக் கடையில் நிற்பவர். கழுத்தில் தோல் கயிற்றில் இரண்டு மரமணி போட்டிருப்பார். பயிற்சி முடித்தவர்களுக்குத் தருவது. கப்ஸில் தலைவரை அகேலா என்பார்கள், கிப்ளிங் கதையின் ஓநாய். பீவர்ஸில் ஆற்றங்கரைப் பிராணி, பறவைப் பெயர்கள். பிள்ளைகள் எங்கள் தலைவியை மீன்கொத்தி என்றுதான் கூப்பிடுகிறார்கள். சேரக் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் நீளம். காரணம் இடமில்லாதது அல்ல, ஆளில்லாததுதான்.

கடைசி வாரம் எங்களை முதல் தடவையாக உள்ளே கூப்பிட்டார்கள். செப்டம்பரில் இன்னும் இரண்டு பெரியவர்கள் வராவிட்டால் குழுவை நடத்த முடியாது என்று மீன்கொத்தி சொன்னார். எல்லோரும் செருப்பைப் பார்த்தோம். பிறகு நான் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்துவிட்டேன். போலீஸ் பதிவு சரிபார்ப்பு முடிய வேண்டும், பயிற்சி இருக்கிறது, ஒரு பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். நீர்நாய், வாத்து, தும்பி எல்லாம் போய்விட்டன. பாப்பா எனக்குத் தேரை என்று வைக்கச் சொல்கிறாள். அண்ணியிடம் சொல்லி மரியாதையாக ஏதாவது யோசித்து அனுப்பச் சொல்லுங்கள், ஆகஸ்டுக்குள் வேண்டும்.

அன்புடன்,
தங்கை