ஆள் போன பிறகும் கூப்பிடும் பெயர்

தை, செவ்வாய்

பூலாம்பாடித் தெருவெல்லாம் மக்காச்சோளம் காய்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் லேப்டாப்போடு வந்தாள். "சித்தப்பா, ஆன் பண்ணினாலே ஒரு கட்டம் வருது. ஓகே கொடுத்தா போயிடுது, மறுநாளும் வந்து நிக்குது." பெரம்பலூரில் ஒரு கடையில் காட்டினாளாம். ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டுடலாம் என்றார்களாம். அவள் அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய படங்கள், காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கின்றன. டெஸ்க்டாப்பில் இருப்பது சி டிரைவில் இருப்பதுதான். ஃபார்மட் அடித்தால் அதுவும் போய்விடும். ஒரு சின்னக் கட்டத்துக்கு இவ்வளவு பெரிய ஆபரேஷனா?

புதன்

கட்டத்தின் தலைப்பு 'ரன்டிஎல்எல்'. உள்ளே ஒரு கோப்பின் முகவரி. அந்த மாட்யூலைக் காணவில்லை என்று ஒரு வரி. முகவரியில் 'ஆப்டேட்டா' என்றிருந்தது. அட்மின் அனுமதி கேட்காமலே எதையும் கொண்டுவந்து வைக்கக்கூடிய இடம் அது. நல்ல மென்பொருள்களும் அங்கே இருக்கும், வேண்டாத விருந்தாளிகளும் இருப்பார்கள்.

நடந்தது இதுதான். ஆன்ட்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பிடித்து அழித்துவிட்டது. ஆனால் லாகின் ஆனதும் அதை ஓடவிடு என்ற உத்தரவு விண்டோஸுக்குள் அப்படியே இருக்கிறது. டி.சி. வாங்கிக்கொண்டு போன பையன் பெயரை அட்டெண்டன்ஸில் அடிக்காமல் விட்டால் வாத்தியார் தினமும் கூப்பிடத்தானே செய்வார்? பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கண்டூயிட் என்ற பிரவுசர் டூல்பார் நீக்கப்பட்ட கம்ப்யூட்டர்களில் 'பேக்ரவுண்ட்கன்டெய்னர்' கோப்பைக் காணோம் என்று உலகம் முழுக்க வந்த தொல்லையும் இதே ரகம்.

என்னைக் கேட்டால், இந்தக் கட்டம் பாதி நல்ல செய்தி. பயந்துபோய் 'எர்ரர் ஃபிக்ஸ்' என்று தேடி இன்னொன்றை இறக்குவதுதான் கெட்ட செய்தி.

புதன் இரவு

எப்படி நுழைந்தது என்று கேட்டேன். தமிழில் டைப் அடிக்க இலவச மென்பொருள் தேடினாளாம். பக்கம் முழுக்கப் பச்சைப் பச்சையாக டவுன்லோட் பட்டன்கள். பெரியதை அழுத்தியிருக்கிறாள், பிறகு நெக்ஸ்ட், நெக்ஸ்ட். தமிழ்99 விசைப்பலகை 2019 முதல் விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும். இதை எந்தக் காலேஜும் பிள்ளைகளுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

வெள்ளி

முதலில் படங்களையெல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். பிறகு கண்ட்ரோல் பேனல். நிரல்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்ததும் திருட்டுக் கூட்டம் சேர்ந்தே நின்றது: டைப்பிங் மென்பொருள் ஏறிய அதே நாளில் ஒரு டூல்பார், 'வேகம் கூட்டும்' நிரல் ஒன்று. அன்இன்ஸ்டால் செய்தேன். குரோமிலும் ஒரு எக்ஸ்டென்ஷன், அதையும் எடுத்தேன். ரீஸ்டார்ட். கட்டம் அப்படியே வந்து நின்றது.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே 'ஆட்டோரன்ஸ்' இறக்கினேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் எவையெல்லாம் ஓட வேண்டும் என்ற முழுப் பட்டியலையும் அது காட்டும். கோப்பு இல்லாத வரி மஞ்சளாகத் தெரியும். ஷெட்யூல்ட் டாஸ்க் பகுதியில், கட்டத்தில் வந்த அதே முகவரி மஞ்சளில் இருந்தது. உடனே அழிக்கவில்லை, டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். கட்டம் வரவில்லை. அதற்கப்புறம்தான் டெலீட்.

ஞாயிறு

நிரலை நீக்கினால் எல்லாம் நீங்கிவிடாது என்பதற்குப் பெரிய சாட்சி சூப்பர்ஃபிஷ். லெனோவோ தன் லேப்டாப்களில் அதை ஏற்றியே விற்றது 2015 பிப்ரவரியில் அம்பலமானது. விளம்பரம் காட்டும் நிரல்தான். ஆனால் அதை அன்இன்ஸ்டால் செய்தாலும் அது நட்டுவைத்த பாதுகாப்புச் சான்றிதழ் உள்ளேயே தங்கியது, அதைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது.

இன்று மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தரும் இலவசக் கருவியால் ஒருமுறை ஸ்கேன் செய்தேன். 2017இல் தொடங்கியது, நம் வரிப்பணம்தான், பயன்படுத்துங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: காணவில்லை என்று சொல்லும் அந்தக் கோப்பின் பெயரைத் தேடி, எங்கிருந்தாவது இறக்கி வைத்துவிடாதீர்கள்.