ஜூலையில் பொங்காத மாவு

பசிபிகாவில் ஜூலை மாதம் தோசை மாவு பொங்காது. ராத்திரி அரைத்து மேடையில் மூடி வைத்தால் காலையிலும் வழித்து வைத்தபடியே கிடக்கும். இங்குள்ள தமிழ் வீடுகளில் மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் தள்ளி, அடுப்பைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டுத் தூங்கப் போகிறார்கள். நடுக்கோடையில் மாவைப் புளிக்க வைப்பது அந்தக் குண்டு பல்பின் சூடுதான்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கிப் போட்ட ஊர் இது. ஒன்பது சிறு குடியிருப்புகள் ஒன்றுகூடி 1957-இல் நகரமாயின. மகள் வீட்டுக்குக் கோடையில் வந்தவள் நான். கலிபோர்னியா என்றதும் வெயிலை எதிர்பார்த்துப் பருத்திப் புடவைகளாகக் கட்டி வந்திருந்தேன். இங்கே பகல் உச்சமே சுமார் 18 டிகிரி செல்சியஸ். லிண்டா மார் கடற்கரையில் பிள்ளைகள் உடம்போடு ஒட்டிய ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு அலையில் சறுக்குகிறார்கள். கரையில் காவல் நிற்கும் தாய் தகப்பன்மார் தலையில் கம்பளிக் குல்லா. அதே மத்தியானம், ஒரு மணி நேரக் கார் தூரத்தில், உள்நாட்டு ஊரான லிவர்மோரில் 35 டிகிரி கொளுத்தும். பக்கத்து ஊரான ஹாஃப் மூன் பேக்குப் போகும் 92-ஆம் சாலையில் மலைமுகட்டைத் தாண்டி இறங்கினால், காரின் முன்பலகையில் வெப்பநிலை எண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரிகிறது.

இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது? பள்ளியில் புவியியல் நடத்திய பழக்கம், சும்மா இருக்க விடவில்லை.

முதலில் மாப்பிள்ளையைக் கேட்டேன். "அலாஸ்காலேர்ந்து தண்ணி வருது அத்தை, அதான்" என்று லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், சறுக்குப்பலகை வாடகைக்குத் தரும் கடைப் பையன், நூலகத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எல்லாரும் அதே அலாஸ்காவைத்தான் காட்டினார்கள். நம் பாடப்புத்தகமும் கிட்டத்தட்ட அதையே சொல்லும்: கலிபோர்னியா நீரோட்டம், குளிர் நீரோட்டம், வடக்கிலிருந்து தெற்காக. பரீட்சைக்கு அது போதும்.

கடற்பரப்பின் வெப்பநிலையை நிறம் நிறமாகக் காட்டும் செயற்கைக்கோள் வரைபடத்தை மகள் கம்ப்யூட்டரில் திறந்து வைத்ததும் அலாஸ்காக் கதை ஆட்டம் கண்டது. வடக்கிலிருந்து வரும் தண்ணீர்தான் காரணம் என்றால், வடக்கே போகப் போகக் கடல் சீராகக் குளிர்ந்துகொண்டே போக வேண்டும். படத்தில் அப்படி இல்லை. குளிர்ந்த நீர் கரையை ஒட்டி ஒரு ஒல்லிப் பட்டையாக ஓடுகிறது. கரையை விட்டு மேற்கே போனால் கடல் சூடாகிறது. அந்தப் பட்டையிலும் அதிகக் குளிர் பாயின்ட் ரேயஸ், பாயின்ட் அரீனா போன்ற முனைகளை ஒட்டி, அதாவது எங்களுக்குக் கொஞ்சம் வடக்கிலேயே இருக்கிறது. இன்னொரு விசித்திரம்: இங்கே கடல் மிகவும் குளிர்ந்து கிடப்பது டிசம்பரிலோ ஜனவரியிலோ அல்ல, வெயில் ஏறிக்கொண்டிருக்கும் வசந்த மாதங்களில். வடக்கத்தி நீரோட்டத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கரையோரமாக இந்தப் பட்டையை அது வரைந்திருக்க முடியாது.

விடை கிடைத்தது வடதுருவத்துப் பனிக்கட்டியில். 1893 முதல் 1896 வரை ஃப்ராம் என்ற கப்பலை உறைபனியில் சிக்கவிட்டு, பனியோடு பனியாக மிதந்தவர் நார்வேக்காரரான ஃப்ரிட்யோஃப் நான்சென். காற்று அடிக்கும் திசையிலேயே பனி நகரவில்லை, 20 முதல் 40 டிகிரி வரை வலப்பக்கம் ஒதுங்கியே நகர்கிறது என்று அவர் குறித்து வைத்தார். திரும்பி வந்தபின் அந்தப் புதிர் வில்ஹெல்ம் பியர்க்னெஸ் என்ற பேராசிரியரிடம் போய், அவரிடமிருந்து ஸ்வீடன் நாட்டு மாணவர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மனிடம் வந்தது. எக்மன் கணக்குப் போட்டார். பூமி சுழல்வதால் கடலின் மேற்பரப்பு காற்றின் திசைக்குச் சற்று வலமாக நகர்கிறது. அதன் கீழுள்ள அடுக்கு இன்னும் கொஞ்சம் வலமாக, அதன் கீழுள்ளது இன்னும் வலமாக. எல்லா அடுக்கையும் கூட்டிப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் மேல்நீர் மொத்தமாகப் போகும் திசை காற்றுக்கு நேர் செங்குத்தாக வலப்பக்கம். 1905-இல் வெளியான அவருடைய கட்டுரை இன்றைக்கும் கடலியலின் அடிப்படைப் பாடம்.

இப்போது பசிபிகாக் கடற்கரையில் நின்று பாருங்கள். கோடையில் வடபசிபிக் மேல் ஒரு பெரிய உயரழுத்த மண்டலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்நாட்டில் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கு வெந்து, அங்கே காற்றழுத்தம் தாழ்கிறது. இரண்டுக்கும் இடையில் வடமேற்குக் காற்று கரையை உரசியபடி நாள்கணக்கில் ஓடுகிறது. காற்றுப் போகும் பக்கம் முகத்தை வைத்து நின்றால் வலக்கைப் பக்கம் திறந்த கடல். மேல்நீர் கரையை விட்டு அந்தப் பக்கம் விலகுகிறது. விலகிய இடத்தை நிரப்ப, வெயிலே படாத ஆழத்து நீர் மேலே வருகிறது. அலாஸ்கா வரைக்கும் போக வேண்டியதே இல்லை. குளிர் நம் காலடிக்குக் கீழே, நூறு இருநூறு மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வெளியே இழுத்துப் போடுவது காற்று.

இதே வேலை நம் பக்கத்திலும் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரக் கடலில் ஆழத்து நீர் மேலே வரும், அதோடு வரும் சத்துதான் மத்தி மீனுக்குச் சாப்பாடு. நம்முடையது வெப்பமண்டலக் கடல் என்பதால் மேலே வரும் நீர் ஊரையே நடுங்க வைக்கும் அளவுக்குக் குளிர்ந்ததல்ல. இங்கே அந்தச் சத்தை நம்பி நெத்திலிக் கூட்டம் வருகிறது, நெத்திலியைத் துரத்திக்கொண்டு திமிங்கிலம் வருகிறது. கோடையில் கரையில் நின்றபடியே அது நீரைப் பீய்ச்சுவதைப் பார்க்கலாம், மூடுபனி விட்டால்.

மூடுபனி லேசில் விடாது. பசிபிக்கின் ஈரக்காற்று இந்தக் குளிர்ந்த பட்டையைத் தொட்டதும் அடியில் குளிர்ந்து மேகமாகிறது. அதற்கு மேலே உயரழுத்தம் அழுத்தி இறக்கிய உலர்ந்த சூடான காற்று. சூடான காற்று மேலே, குளிர்ந்த காற்று கீழே என்று ஆகிவிட்டால் இரண்டும் கலக்காது. சில நூறு மீட்டர் உயரத்தில் மூடி போட்டதுபோல் மேகம் அங்கேயே கிடக்கும்.

இதை உடம்பாலேயே உணர ஸ்வீனி ரிட்ஜ் என்ற மலைமுகட்டுக்கு ஏறினோம். ஊருக்கு நேர் மேலே, 360 மீட்டர் சுமாருக்கு இருக்கும். கொடைக்கானல் போகிறவர்கள் பாதி வழியில் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். இங்கே நேர் எதிர். கீழே ஈரம் சொட்டும் புதர்களுக்கிடையில் நடுங்கிக்கொண்டு கிளம்பி, பாதியில் ஸ்வெட்டரைக் கழற்றி, உச்சியில் முகத்தைச் சுடும் வெயிலில் நின்றேன். பசிபிகா காணாமல் போயிருந்தது. ஊர் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சமவெளி. அதன் விளிம்பு மலை இடுக்குக்குள் நுழைந்து, கிழக்குச் சரிவில் இறங்கும்போதே கரைந்து இல்லாமல் போனது. வந்துகொண்டே இருந்தது, கரைந்துகொண்டே இருந்தது.

அதே முகட்டிலிருந்துதான் 1769 நவம்பரில் போர்ட்டோலா தலைமையில் தரைவழியாக வந்த ஸ்பானியர்கள் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை முதன்முதலாகப் பார்த்தார்கள். அதற்கு முன் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஐரோப்பியக் கப்பல்கள் இந்தக் கரையோரம் போய் வந்திருக்கின்றன. அத்தனை பெரிய விரிகுடாவின் வாய் யார் கண்ணிலும் படவில்லை. மூடுபனி மறைத்தது ஒரு முக்கியக் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். முகட்டில் நின்றவளுக்கு நம்புவதில் சிரமமில்லை. 1775 ஆகஸ்டில்தான் ஸ்பானியரான அயாலாவின் சான் கார்லோஸ் கப்பல் முதலில் உள்ளே நுழைந்தது.

இந்தக் கோடையைப் பற்றிய புலம்பலுக்கும் வயது அதிகம். 1579 ஜூன், ஜூலையில் பிரான்சிஸ் டிரேக் கப்பலைச் செப்பனிட இங்கே, பெரும்பாலோர் கருத்துப்படி பாயின்ட் ரேயஸ் அருகே, தங்கினார். அந்தப் பயணத்தைப் பற்றி 1628-இல் வந்த நூலில், சூரியனையோ நட்சத்திரத்தையோ அளக்க முடியாமல் நாள்கணக்கில் கிடந்ததாகவும், குளிரும் பனியும் சகிக்கவில்லை என்றும் குறை எழுதியிருக்கிறது. கிளம்பியது இங்கிலாந்திலிருந்து! சான் பிரான்சிஸ்கோக் கோடையை மார்க் ட்வைன் கிண்டலடித்ததாக ஒரு வாசகம் பனியன், கோப்பை எல்லாவற்றிலும் அச்சாகிறது. அவர் எழுத்தில் அது எங்குமே இல்லை. டிரேக் ஆட்களின் புலம்பல் அச்சில் இருக்கிறது, அதை யாரும் பனியனில் போடுவதில்லை.

ஊருக்குத் தெற்கே பாயின்ட் மொண்டாராவில் ஒரு குட்டிக் கலங்கரை விளக்கம். அங்கே முதலில் வந்தது விளக்குகூட அல்ல, ஒலி. மூடுபனியில் கப்பல்கள் பாறையில் மோதியதால் 1875-இல் ஊதுகுழல் வைத்தார்கள். வெளிச்சம் 1900-இல்தான் வந்தது. இப்போதுள்ள இரும்புக் கோபுரம் 1928 முதல் நிற்கிறது. அது அமெரிக்காவின் மறுகரையில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வெல்ஃப்ளீட்டில் நின்று, கழற்றி எடுத்துவரப்பட்ட கோபுரம் என்பது 2008-இல்தான் வெளியே தெரிந்தது. அதுவரை அங்கே அது இடித்துத் தள்ளப்பட்டதாக நினைத்திருந்தார்கள்.

கோடையில் வாரத்தின் எல்லா நாளும் ஒரே மாதிரிப் பனி இல்லையே, அது ஏன்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உள்நாட்டுப் பள்ளத்தாக்கு 38, 40 டிகிரிக்கு ஏறும்போது அங்கே சூடான காற்று எழுகிறது. அந்த இடத்துக்குக் கடற்காற்று மலை இடுக்குகள் வழியாக இழுபடுகிறது. கூடவே பனியும். சில நாளில் கடற்காற்று பள்ளத்தாக்கையே குளிர வைத்துவிடும். குளிர்ந்ததும் இழுப்பு குறையும், பனி கடலுக்குப் பின்வாங்கும், எங்களுக்கு ஓரிரு நாள் வெயில் கிடைக்கும். பள்ளத்தாக்கு மறுபடி சூடேறும், பனி மறுபடி வரும். ஆகவே தொலைக்காட்சியில் பள்ளத்தாக்கு ஊரான சாக்ரமென்டோவில் அனல் என்று சொன்னால் பசிபிகாக்காரர்கள் போர்வையை எடுத்து வைக்கலாம். பள்ளத்தாக்குக்காரர்கள் வேகிற வேக்காடுதான் எங்கள் குளிர்.

இந்தக் குளிரை வைத்துப் பிழைப்பவர்களும் உண்டு. வெயில் தாங்காத களைக்கோசும் கூனைப்பூவும் ஹாஃப் மூன் பே, பெஸ்காடெரோப் பக்கம் நன்றாக வருகின்றன. கோடையில் மழையே பெய்யாத இந்தக் கரையில் செம்மரங்கள் வானளவு நிற்பதற்கும் பனி துணை. நம் ஊர்ச் செம்மரம் அல்ல, இது ரெட்வுட். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டாட் டாசன் மூன்று ஆண்டுகள் அளந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ரெட்வுட் காட்டுக்குக் கிடைத்த நீரில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு, இலைகளில் படிந்து சொட்டிய பனிநீர். அவரும் ஜேம்ஸ் ஜான்ஸ்டோனும் 2010-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைவிடக் கோடை மூடுபனி 33 சதவீதம் குறைந்திருப்பதாகச் சொல்கிறது. பனியைத் திட்டுகிறவர்கள் அந்த மரத்தடியில் போய் நின்று திட்டட்டும்.

செப்டம்பரில் வடமேற்குக் காற்று தளர்கிறது, ஆழத்து நீர் மேலே வருவது குறைகிறது, கடல் கொஞ்சம் சூடாகிறது. உள்நாட்டின் இழுப்பும் குறைகிறது. ஊரெல்லாம் கோடை முடிந்தது என்று பள்ளிக்கூடத்துக்குப் போனபிறகுதான் இந்தக் கரையில் கோடை தொடங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவின் சூடான மாதமே செப்டம்பர்தான்.

எனவே பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை இருப்பது ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் என்றால் எந்த மாதமும் சரி. கடலோரம் என்றால் டிக்கெட்டைச் செப்டம்பர் கடைசிக்குப் போடச் சொல்லுங்கள். ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால் ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் பெட்டியின் அடியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். மறந்தவர்களுக்கு ஃபிஷர்மன்ஸ் வார்ஃபில் குல்லா வைத்த ஸ்வெட்டர் கோடை முழுக்க விற்கிறார்கள். விலைதான் கொஞ்சம் அதிகம்.