ஆறு பேர் தூக்கும் இரும்பு

அதிகாலையில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். பால் வண்டி வருவதற்கு முன்பே மதில் சுவருக்கு அந்தப் பக்கம் விசில் ஊதிவிடுவார்கள். பின்னாலேயே நூற்றுக்கணக்கான கால்கள் ஓடும் சத்தம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று பெங்களூரிலேயே தங்கிவிட்ட எனக்கு, அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் படுத்திருக்க முடிவதில்லை. மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் பயிற்சி மையம் அது. 1984ல் நான் ரெக்ரூட்டாக நுழைந்த இடம். 2024 மே மாதம் என் அக்கா மகன் அக்னிவீரனாக நுழைந்ததும் அங்கேதான்.

1780ல் சென்னையில் தொடங்கப்பட்ட படை இது. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது வேலை. தென் மாநிலத்துப் பையன்கள்தான் பெரும்பாலும். ராணுவம் முழுக்க எங்களுக்கு ஒரே பெயர்: 'தம்பி'. தெலுங்கரும் தம்பிதான், மலையாளியும் தம்பிதான்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. முதல் நாள் டிரில் மைதானத்தில் 'சாவ்தான்' என்று உஸ்தாத் கத்தினார். என் காதில் 'சாவுதான்' என்று விழுந்தது. ஒரு மாதம் வரைக்கும் அது சரியான அர்த்தம் என்றுதான் நினைத்தேன். நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். மீசையே முளைக்காதவனும் ஷேவ் செய்ய வேண்டும். கம்பளியை மூலை பிசகாமல் மடித்து வைத்துவிட்டு, மக்கில் டீயை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு ஓட வேண்டும். பி.டி., டிரில், துப்பாக்கிப் பயிற்சி, வகுப்பு, மாலையில் விளையாட்டு, இரவு ரோல் கால். இடையில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ். இன்லண்ட் லெட்டரில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதும்போதே தூக்கம் வந்துவிடும். பல கடிதங்கள் அந்த வரியோடு நின்றுபோயின.

இதெல்லாம் எதற்கு என்று புரிந்தது பெய்லி பாலம் கட்டும் பயிற்சியில்தான். இரண்டாம் உலகப் போர் காலத்து வடிவமைப்பு. இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று பின் போட்டு இணைத்துக்கொண்டே போனால் பாலம். ஒரு சட்டம் 10 அடி நீளம், சுமார் 260 கிலோ எடை. கிரேன் கிடையாது. கழிகளைக் குறுக்கே கொடுத்து ஆறு பேர் தூக்க வேண்டும்.

ஒரு நாள் நான் கையை விட்டுவிட்டேன். வியர்வையில் வழுக்கியது என்று பிறகு சொல்லிக்கொண்டேன். உண்மையில் தோள் வலித்தது, இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்களே என்று ஒரு நொடி நினைத்தேன். சட்டம் சாய்ந்து, எதிரில் நின்ற கேரளப் பையனின் பூட்ஸுக்கு ஒரு விரற்கடை தள்ளி மண்ணில் இறங்கியது. உஸ்தாத் திட்டவில்லை. "உன் பங்கு நாற்பத்தி மூணு கிலோ. அதை யார் தலையில வச்சே?" என்று மட்டும் கேட்டார். பிறகு அதே ஆறு பேரையும் அதே சட்டத்தைத் தூக்கச் சொன்னார். அதற்கப்புறம் 24 வருடம் சர்வீஸ். ஹவில்தாராக 2008ல் வெளியே வந்தேன். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

எங்கள் படையில் எல்லாரும் அறிந்த கதை ஒன்று உண்டு. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும் வேலை. பின்னால் வந்த ஒருவர் வெடியை மிதித்துவிட, வெடிப்பதற்குள் அதன் மேல் பாய்ந்து விழுந்து தன் ஆட்களைக் காப்பாற்றி, தான் இறந்தார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. யோசிக்க நேரமில்லாத அந்த ஒரு கணத்தில் உடம்பு தானாக அடுத்தவன் பக்கம் போக வேண்டும். நாலரை மணி விசிலும் மூலை பிசகாத கம்பளியும் அதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகன் போன் செய்வான். "மாமா, கம்பளி மடிக்கவே வர மாட்டேங்குது" என்பான். துப்பாக்கி மாறியிருந்தது. இன்லண்ட் லெட்டர் போய்விட்டது. கம்பளி மாறவில்லை.

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் நிலச்சரிவு. பாலம் அடித்துக்கொண்டு போய், முண்டக்கை தனித்துவிடப்பட்டது. பெங்களூரிலிருந்து எங்கள் படையினர் போய், சூரல்மலையில் 190 அடி நீள பெய்லி பாலத்தைக் கட்டினார்கள். 24 டன் தாங்கும். ராத்திரி பகலாக வேலை செய்து ஆகஸ்ட் 1 மாலை முடித்துவிட்டார்கள். டி.வி.யில் மழையில் நனைந்தபடி சட்டம் தூக்கியவர்களின் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு பையன் போனில் வேறெதுவும் பேசவில்லை. "நம்மாளுங்க மாமா, நம்மாளுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். படைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. 2022 ஜூன் 14ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி அவனுக்கு நான்கு ஆண்டுகள்தான் வேலை. முடிவில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு சுமார் ரூ.11.71 லட்சம் கையில். அதில் பாதி மாதாமாதம் அவன் சம்பளத்திலிருந்து பிடித்தது. பென்ஷன் இல்லை. அவனோடு ஊரில் 1,600 மீட்டர் ஓடிப் பழகிய நண்பன் கடலோரக் காவல் படையில் நாவிக்காகச் சேர்ந்து, ஒடிசாவில் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சி எடுத்தான். அவனுக்கும் அதே அதிகாலை, அதே ஓட்டம். ஆனால் அந்தப் படைக்கு அக்னிபத் கிடையாது. அவன் வேலை நிரந்தரம். இருவர் வீட்டிலும் பெண் பார்க்கும் பேச்சு வரும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

படைக்கு இளைஞர்கள் வேண்டும், பென்ஷன் சுமை குறைய வேண்டும் என்கிறார்கள். கணக்கு எனக்கும் புரிகிறது. பென்ஷன் வாங்குகிறவன் இதைப் பேசுவது எளிது என்றும் தெரியும். ஆனால் கூட நிற்பவன் மேல் பாரத்தைத் தள்ளாதே என்று நாலரை மணியிலிருந்து கற்றுக்கொடுக்கும் இடம் அது. அப்படிக் கற்றவன் 22 வயதில் வெளியே வரும்போது, அவன் பாரத்தில் தன் பங்கை யார் தூக்கப்போகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கசம் பரேடுக்கு அக்கா ஊரிலிருந்து வந்தாள். தேசியக் கொடி முன் பையன்கள் சத்தியப் பிரமாணம் எடுத்தார்கள். பிறகு பெற்றோருக்குப் பதக்கம் அணிவித்தார்கள். அக்கா அதைப் புடவையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டோவில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "நாலு வருஷம் கழிச்சு இவன் என்னடா பண்ணுவான், தம்பி?"

என்னிடம் பதில் இல்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்குக் கேட்டிருக்கும். அவனும் திரும்பவில்லை.

லீவு முடியும் வரை என் வீட்டில் வைத்துவிட்டுப் போவதற்காகத் தன் கறுப்பு டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடிக்கப் போனேன். "வேணாம் மாமா, உங்களுக்கு முட்டி வலி" என்றான்.

"புடிடா. பாதி என்னோடது" என்றேன். அதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. ஒரே நேரத்தில் தூக்கினோம்.