தொட்டிக்குப் போன சோறு

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கிணற்றுப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் நிலம். தக்காளி, சின்ன வெங்காயம், கொஞ்சம் மக்காச்சோளம், வரப்போரம் வரிசையாக முருங்கை. தொழுவத்தில் இரண்டு கறவை மாடுகள், நாலு வெள்ளாடுகள். வீட்டில் ஐந்து பேர்: விவசாயி, அவர் மனைவி, அவருடைய தாயார், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன்.

அந்த வீட்டில் யாரும் பசியோடு படுத்ததில்லை. மூன்று வேளையும் பானை நிறையச் சோறு இருக்கும். மிஞ்சினால் கழுநீர்த் தொட்டி இருக்கிறது. "மாடுதானே குடிக்குது, வீணாவா போச்சு?" என்பார் மூதாட்டி. வீட்டுக்காரரும் அதையே சொல்வார். அதனால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒருவரும் பார்த்ததில்லை.

பார்க்க வைத்தது ஒரு தைப்பொங்கல். உறவுக்காரர்கள் வருவார்கள் என்று இரண்டு பெரிய பானை வைத்துப் பொங்கினார்கள். வந்தவர்கள் பாதிப் பேர்தான். மறுநாள் மாட்டுப்பொங்கல். மிஞ்சிய வெண்பொங்கலும் சர்க்கரைப் பொங்கலும் தொட்டிக்குப் போயின. "இன்னைக்கு மாட்டுக்குப் பண்டிகை, வயிறார சாப்பிடட்டும்" என்று ஊற்றினார்கள். இரவில் சினையாக இருந்த மாடு அசை போடவில்லை. இடப்பக்க வயிறு உப்பி, காலை மடக்கிப் படுத்துவிட்டது. விடிந்ததும் கால்நடை மருத்துவர் வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "சோத்தை ஊத்தினீங்களா?" என்பதுதான்.

வெந்த சோறு மாட்டின் முதல் வயிற்றில் மிக வேகமாகப் புளிக்கும். அதில் சுரக்கும் அமிலம் அங்கே இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அதிகமாகப் போனால் மாடே இறந்துவிடலாம். மருத்துவர் சோடா உப்புக் கரைசல் புகட்டி, ஊசி போட்டு, குளுகோஸ் ஏற்றினார். மாடு பிழைத்தது, கன்றும் பிழைத்தது. மருந்துச் செலவும், ஒரு பகலும் ஓர் இரவும் தொழுவத்திலேயே உட்கார்ந்திருந்த கவலையும்தான் மிச்சம்.

அந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை. மகளுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வயதுப் பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாலையில் புத்தகத்தைத் திறந்தால் தூங்கி விழுகிறாள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, அதற்குச் சோம்பல் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். செவிலியர் மாத்திரை கொடுத்து, பூச்சி மாத்திரையும் கொடுத்து, "கீரை எதுவும் சாப்பிடறதில்லையா? உங்க காட்டுல முருங்கை இல்லையா?" என்று கேட்டார்.

தாய்க்குப் பதில் வரவில்லை. முருங்கை இருந்தது. வாரம் இரண்டு முறை கிளை ஒடித்து வீட்டுக்குத்தான் வந்தது. வந்து வெள்ளாட்டுக்குப் போனது.

அன்று சாயங்காலம் அவர் மாமியாரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அத்தை, மாடு தின்னு படுத்துச்சு, பொண்ணு தின்னாம வாடிப் போயிட்டா. ரெண்டும் நம்ம வீட்டுச் சமையல்லதான்."

மறுநாளிலிருந்து ஒரு வாரம், தொட்டிக்குப் போவதற்கு முன் மீதியை எல்லாம் ஒரு பழைய தூக்குவாளியில் போட்டுப் பார்த்தார். நாளுக்குச் சராசரியாக ஓர் ஆழாக்கு அரிசியின் சோறு. அதோடு குழம்பு, பொரியல். ஆழாக்கு சின்ன அளவுதான். ஆனால், மாதத்துக்கு 30 ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்றால், மூன்றே முக்கால் படி. நிறுத்துப் பார்த்தால் நாலு கிலோவுக்கு மேல். ரேஷனில் வாங்கும் 20 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு. "ரேஷன் அரிசிதானே, காசா பணமா?" என்றார் வீட்டுக்காரர். அரிசிக்குக் காசில்லை, அதோடு போன பருப்புக்கும் எண்ணெய்க்கும் புளிக்கும் கேஸுக்கும் காசு உண்டு என்று மனைவி கணக்குச் சொன்னபோது அவர் பேசவில்லை.

எங்கே மிஞ்சுகிறது என்று யோசித்தபோது காரணம் எளிதாகத் தெரிந்தது. ஐந்து பேர் வீடு என்று மூன்று வேளையும் ஐந்து பேருக்குப் பொங்கினார்கள். ஆனால், மகனுக்குக் காலைச் சிற்றுண்டியும் மதியச் சாப்பாடும் பள்ளியில். மகளுக்கு மதியச் சத்துணவு பள்ளியில். சந்தைக்குப் போகும் நாளில் வீட்டுக்காரர் மதியம் வீட்டில் இல்லை. ஆக, பல நாள் மதியத்தில் சாப்பிடுவது இரண்டு பெண்கள் மட்டுமே. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் பானையின் அளவு மாறவே இல்லை.

அளந்து போடுவோம் என்றதும் மாமியார் சம்மதிக்கவில்லை. "எண்ணிப் பொங்கற வீட்டுல லட்சுமி தங்குவாளா கண்ணு? வர்றவங்களுக்குன்னு ஒரு கை சேத்துத்தான் போடணும்." அது வெறும் பிடிவாதம் இல்லை. பஞ்சம் பார்த்த தலைமுறையின் மரியாதை அது. வாசலுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பிவிடக் கூடாது என்ற பயம். மருமகள் அதை மறுத்துப் பேசவில்லை. "அந்த ஒரு கையை நீங்களே எடுங்க அத்தை. உலைல போடாம இந்தச் சட்டில போடுங்க. யாராச்சும் வந்தா சுடச்சுடப் பொங்கிப் போடுவோம்" என்றார். பிடி அரிசி எடுத்து வைப்பது மூதாட்டிக்குத் தெரியாத பழக்கமா? அவருடைய அம்மா செய்ததுதான். அன்றிலிருந்து சட்டிக்கு அவர்தான் பொறுப்பு. விருந்தாளி வந்தால் அதிலிருந்து எடுப்பது. வராவிட்டால் மாதக் கடைசியில் அதுவே ஒரு வாரத்து அரிசி.

அதற்குப் பிறகு வந்ததுதான் திட்டம். மாதக் காலண்டரின் பின்பக்கத்தில், ஞாயிறு இரவு, ஏழு வரி. கடையில் என்ன வாங்கலாம் என்று அவர் தொடங்கவில்லை. முதலில் காட்டில் என்ன இருக்கிறது, அடுத்து பானையிலும் டப்பாவிலும் என்ன இருக்கிறது, கடைசியாக என்ன வாங்க வேண்டும் என்று எழுதினார். முதல் வாரத்துத் தாள் இப்படி இருந்தது:

திங்கள்: கொள்ளு வேகவைத்து, தண்ணீரில் ரசம், கொள்ளில் கடைசல்.
செவ்வாய்: முருங்கைக்கீரை பொரியல், தக்காளிக் குழம்பு.
புதன்: பீர்க்கங்காய் கூட்டு, அதன் தோலில் துவையல்.
வியாழன்: கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல்.
வெள்ளி: துவரம்பருப்பு சாம்பார், முள்ளங்கியும் அதன் கீரையும்.
சனி: இரவில் பிள்ளைகள் கேட்பது.
ஞாயிறு: முட்டைக் குழம்பு, மாதம் இரண்டு முறை ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டி.

இதில் ஒரு கணக்கு உண்டு. திங்கட்கிழமை ஒரே அடுப்பில், ஒரே முறை வெந்த கொள்ளு இரண்டு பதார்த்தம் ஆகிறது. புதன்கிழமை வெட்டி எறிந்த தோல் துவையல் ஆகிறது. வெள்ளிக்கிழமை முள்ளங்கிக்குக் கொடுத்த காசில் ஒரு கீரையும் கிடைக்கிறது. வியாழக்கிழமை களி விலை குறைந்தது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதம் இரண்டு முறை ஈரலோ சுவரொட்டியோ வருகிறது. அவற்றிலிருக்கும் இரும்புச்சத்தைக் கீரையில் இருப்பதை விட உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

தாள் எழுதிவிட்டால் பிள்ளை சாப்பிட்டுவிடுமா? முதல் செவ்வாய்க்கிழமையே மகள் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். தட்டில் மிஞ்சினால் அதுவும் வீண்தான். தாய் திட்டவில்லை. அடுத்த வாரம் அதே கீரையைச் சின்ன வெங்காயம் நிறைய அரிந்து போட்டு, பருப்பு அடையில் கலந்து முறுகலாகச் சுட்டார். நாலு அடை போனது. அதற்கடுத்த வாரம் கேழ்வரகு ரொட்டியில் போட்டார். சனிக்கிழமை இரவு என்ன வேண்டும் என்று பிள்ளைகளே சொல்லலாம் என்று விட்டதும், மற்ற நாள் முணுமுணுப்பு குறைந்தது. ஒரு சனிக்கிழமை மகள் கேட்டது தக்காளிச் சோறு. இன்னொரு சனிக்கிழமை முருங்கைக்கீரை அடை.

இரண்டு சிறிய மாற்றங்களுக்குச் செலவே இல்லை. கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்வது, அல்லது நெல்லிக்காய், கொய்யா ஒரு துண்டு கடித்துக்கொள்வது. அவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்கும். இன்னொன்று, சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்தி, ஒரு மணி நேரம் தள்ளி வைத்தது. டீயில் இருக்கும் துவர்ப்பு அந்தச் சத்தைத் தடுத்துவிடும். இரண்டாவதுதான் கடினமாக இருந்தது. பிள்ளைக்கு அல்ல, மூதாட்டிக்கு.

மிஞ்சுவது அடியோடு நின்றுவிடவில்லை. ராத்திரிச் சோறு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். ஆறியவுடன் சுத்தமான தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைத்தால், காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும். வெந்த சோற்றை வெளியே நாள் முழுக்க வைத்து, மறுபடி சுட வைத்துச் சாப்பிடுவது நல்லதல்ல. அதில் உண்டாகும் சில நச்சுகள் சுட வைத்தாலும் போகாது. பழைய சோறும் காலை வேளைக்குத்தான். நூல் விட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ சிக்கனம் பார்க்கக் கூடாது, கொட்டிவிட வேண்டும். குழம்பிலும் அப்படித்தான். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பு சீக்கிரம் கெடும். புளிக்குழம்பு தாங்கும். எனவே, இரவுக்கும் சேர்த்து வைத்தால் பாதியைத் தனியே எடுத்துவிட்டு, மீதிக்கு மட்டும் தேங்காய் சேர்க்கிறார்.

களை வெட்டும் நாளில் ஆள் சாப்பாடு. முன்பு "பத்துப் பேர் வரலாம்" என்று பொங்கி, ஆறு பேர் வருவார்கள். இப்போது முதல் நாள் இரவே எத்தனை பேர் என்று போனில் உறுதி செய்துகொள்கிறார் வீட்டுக்காரர். அது அவர் ஏற்றுக்கொண்ட வேலை.

மாசியில் தக்காளி விலை விழுந்தது. பறிகூலிக்கும் கட்டாத விலை. ஏற்ற இறக்கம் ஒட்டன்சத்திரம் சந்தையை நம்பும் யாருக்கும் புதிதல்ல. மற்ற வருஷம் செடியிலேயே விட்டுவிடுவார்கள். இந்த முறை இரண்டு கூடை பழுத்த பழத்தை வீட்டுக்குப் பறித்தார்கள். பாதி தொக்கு, பாதியை வட்டமாக அரிந்து, உப்புத் தூவி, வெயிலில் காய வைத்து வற்றல். அதனால் நட்டம் ஈடாகிவிடவில்லை. சித்திரை, வைகாசியில் வெளியில் தக்காளி வாங்காமல் ஓடியது, அவ்வளவுதான். பொடி வெங்காயத்தை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. உளுந்து, கடுகு, வெந்தயத்தோடு இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, வடகம் ஆனது.

"மொத்தமா வாங்கினா லாபம்" என்று வாங்கிய தட்டைப்பயறு ஒருமுறை வண்டு துளைத்துப் போனது அந்த வீட்டுக்கு மறக்கவில்லை. இப்போது சொந்தக் காட்டுத் துவரையைச் செம்மண் கட்டிக் காய வைத்து எடுத்து வைக்கிறார்கள். வாங்கும் பயறு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும். நன்றாக வெயிலில் காய்ந்து ஆறிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில். பழையது தீராமல் புதியதை மேலே கொட்டுவதில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் மகளுக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். 10.8. இது கீரையால் மட்டும் வந்ததல்ல. விடாமல் போட்ட இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும்தான் முதல் காரணம். சாப்பாடு அதற்குத் துணை நின்றது. மாத்திரை நின்ற பிறகும் ஏறியது இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அதே சாப்பாடுதான். 12 ஆக இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. ஆனால், சாயங்காலம் புத்தகத்தின் மேல் தூங்கி விழுவதில்லை.

தொட்டிக்கு இப்போது கழுநீரும் காய்த்தோலும்தான் போகின்றன. மாடு அடர்தீவனத்தையும் சோளத்தட்டையையும் தின்று, நல்லபடியாகக் கன்று ஈன்றுவிட்டது. பிடி அரிசிச் சட்டி அடுப்படி மூலையில் இருக்கிறது. ஒரு நாள் தூரத்து உறவினர் இருவர் சொல்லாமல் வந்தபோது, மூதாட்டி அந்தச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, "லட்சுமி இங்கதான் இருக்கா" என்று மருமகளிடம் காட்டிச் சிரித்தார்.

வாரம் இரண்டு முறை முருங்கைக் கிளை வீட்டுக்கு வருகிறது. திண்ணையில் உட்கார்ந்து மூதாட்டி இளங்கொழுந்தை உருவி முறத்தில் போடுகிறார். முற்றிய இலையும் காம்பும்தான் ஆட்டுக்கு.