தட்டு விலகவில்லை, அப்பா

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். எங்கள் குடும்பத்தின் சுவர் அப்பாவின் முதுகு. மின்தூக்கி இல்லாத ஐந்து மாடி அடுக்குமாடி வீடுகளுக்கு எரிவாயு தோம்பு சுமந்துதான் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். ஒரு தோம்பில் எரிவாயு மட்டுமே 14 கிலோ; இரும்பின் எடை வேறு.

கடந்த ஆண்டு அந்த முதுகு அவரைப் படுக்க வைத்தது. இடுப்பில் தொடங்கிய வலி, தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று கிளினிக்கில் சொன்னார்கள். வலியைவிட 'விலகிவிட்டது' என்ற சொல்லே அவரை அதிகம் முடக்கியது. அசைந்தால் இன்னும் விலகும் என்று அஞ்சி, மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. "ஆபரேஷன் செய்தால் நடக்கவே முடியாது" என்று உறவினர்கள் வேறு பயமுறுத்தினார்கள்.

அரசாங்க மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்கு நான் உடன் சென்றேன். விளக்கம் முழுவதும் மலாய்மொழியில் நடந்தது. கடைத்தெரு மலாய் அப்பாவுக்கு அத்துப்படி. உடற்கூறு மலாய் எட்டாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற தமிழும் இடைநிலைப்பள்ளியில் கற்ற மலாயும் அன்று எனக்குள் கைகோத்துக்கொண்டன.

நம் முதுகெலும்புகளுக்கு இடையே 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் உறுதியான நார் வளையம். நடுவில் கூழ் போன்ற பகுதி. தட்டு முழுதாக இடம்விட்டு நழுவுவதில்லை. வளையம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கி நரம்பைத் தொடும்போதுதான் வலி காலுக்கு இறங்குகிறது.

"பூரணம் பிதுங்கிய கொழுக்கட்டை மாதிரிப்பா" என்றேன்.

"அப்ப எலும்பு ஒண்ணும் நகரலியாம்மா?"

"இல்லப்பா. பிதுங்கினதும் பலருக்குத் தானாவே சுருங்கிடுமாம்."

அன்று மாலையே அவர் வாசல்வரை நடந்தார்.

பெரும்பாலோர் அறுவை சிகிச்சை இல்லாமலேயே சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். அப்பாவுக்கும் கத்தி தேவைப்படவில்லை. சில நாள்களுக்கு வலி மாத்திரை, தினமும் சிறு நடை, குப்புறப் படுத்து கைகளை ஊன்றி மார்பை உயர்த்தும் பயிற்சி ஆகியவையே சிகிச்சை. நம் புஜங்காசனத்தை ஒத்த இப்பயிற்சியைப் பரவலாக்கியவர் நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி. எல்லாருக்கும் இது பொருந்தாது. வலி காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். நாள்பட்ட இடுப்புவலிக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதைப் பரிந்துரைக்கவில்லை.

ஆனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலும், தொடை இடுக்கு மரத்தாலும், கால் வலுவிழந்தாலும் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. அது அவசர சிகிச்சைக்குரிய நிலை.

நான்கு மாதத்தில் வலி அடங்கியது. தோம்பின் எடை குறையவில்லை. அப்பா இப்போது லோரி ஓட்டுகிறார். மாடியேற இன்னோர் இளைஞர் வருகிறார். கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட, வார இறுதியில் நான் டியூஷன் சொல்லிக் கொடுக்கிறேன். மருந்துச் சீட்டில் எழுதப்படாத சிகிச்சை இது.

தோழர்களே, நம்மில் பலரின் படிப்பு யாரோ ஒருவரின் முதுகில் ஏறி வந்ததுதான். அடுத்த முறை அப்பாவோ அம்மாவோ மருத்துவமனைக்குப் போகும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். அங்கே சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். புரிந்த நோய்க்குப் பாதி பயம் குறைவு.