ஜைத்தூன் எண்ணெயும் பச்சை முத்திரையும்

அத்தியையும் ஜைத்தூனையும் கொண்டு சத்தியமிட்டுத் தொடங்கும் 'அத்தீன்' அத்தியாயம் நம் பிள்ளைகளுக்கும் மனனம். அதனாலோ என்னவோ, ஜைத்தூன் எண்ணெய் என்றால் நாம் மறு கேள்வி கேட்பதில்லை. குப்பியின்மீது 'இயற்கை வேளாண்மையில் விளைந்தது' என்ற முத்திரையும் இருந்துவிட்டால், விலையைக்கூடப் பார்ப்பதில்லை.

என் ராத்தா இதய நோயாளி. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய மகன், துனீசிய நாட்டு எண்ணெய் இரண்டு குப்பிகள் கொண்டுவந்தார். இரண்டிலும் அந்த முத்திரை இருந்தது. ஒன்று மென்மையாக இருந்தது. மற்றொன்றோ கசந்தது, விழுங்கியதும் தொண்டையில் காரமாய் உறைத்தது. "இது கெட்டுப்போய்விட்டது தம்பி" என்றார் ராத்தா. நானும் ஆமோதித்தேன். அவ்வளவையும் கொல்லையில் ஊற்றிவிட்டோம்.

பின்னர் அதுபற்றிப் படித்தபோதுதான் எங்கள் அறியாமை விளங்கிற்று. அந்தக் கசப்பும் காரமும் 'பாலிபீனால்' என்னும் சத்துகளின் அடையாளம். தொண்டையில் உறைப்பது அவற்றுள் ஒன்றான 'ஓலியோகாந்தால்'; அது வீக்கத்தைத் தணிக்கும் இபுபுரூபன் மாத்திரையைப் போலச் செயற்படுவதை 2005இல் அறிவியலாளர் எடுத்துக்காட்டினர். 20 கிராம் எண்ணெயில் ஹைட்ராக்ஸிடைரோசால் வகைச் சத்துகள் 5 மில்லிகிராமேனும் இருந்தால்தான், இரத்தத்திலுள்ள கொழுப்பைக் கெடாமற் காப்பதாகக் குப்பியில் எழுதலாம் என்பது 2012ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதி.

அங்ஙனமாயின், ஒரே நாட்டில், ஒரே முத்திரையோடு விளைந்த இரண்டும் வேறுபட்டது எதனால்? காலிக் குப்பியை எடுத்துப் பார்த்தேன். கசந்தது வட துனீசியாவின் 'செட்டூயி' இனம்; பாலிபீனால் மிகுந்தது. மற்றது ஸஃபாக்ஸ் பகுதியில் பரவலாக விளையும் 'செம்லாலி'. இதயத்திற்கு நன்மை தருவதாகப் போற்றப்படும் ஓலியிக் அமிலமும் செம்லாலியில் பெரும்பாலும் குறைவே. கொழுப்பமிலங்களின் அளவை இனமும் தட்பவெப்பமுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. இயற்கை எரு இட்டதனால் ஓர் இனம் மற்றோர் இனமாகிவிடாது.

இயற்கை வேளாண்மையால் பயனே இல்லை என்கிறேன் எனக் கருதிவிடாதீர்கள். கொழுப்பில் கரையும் பூச்சிமருந்துகள் காயிலிருந்து எண்ணெயோடு சேர்ந்தே வரும். அவ்வச்சம் இங்குக் குறைவு. அன்றியும், தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் எண்ணெயில் பாலிபீனால் குறைகிறது. இரசாயன உரமில்லாத் தோட்டத்தில் அவ்வாறு மிஞ்சுவது அரிது. நீர் பாய்ச்சாமல் மழையை மட்டுமே நம்பி வளரும் மரத்தின் எண்ணெயிலும் அச்சத்து கூடுதலாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜைத்தூன் ஈ என்னும் பூச்சி காயினுள் முட்டையிடும். புழு சதையைத் தின்னும். அக்காயை ஆட்டினால் எண்ணெயில் அமிலம் ஏறும். இயற்கை விவசாயி பொறிகளை வைத்தும், வெண்களிமண்ணைக் கரைத்துத் தெளித்தும் ஈயைத் தடுக்கிறார். அதில் அவர் தவறினால், முத்திரை இருந்தும் எண்ணெய் தரம் தாழ்ந்துவிடும். காய் பச்சையிலிருந்து நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்து, தாமதமின்றி, 27 டிகிரி வெப்பத்தைத் தாண்டாமல் ஆட்டினால் சத்து நிற்கும். நன்கு கறுக்கவிட்டுப் பறித்தால் எண்ணெய் கூடும், பாலிபீனால் குறையும். இவை எவற்றையும் அந்த முத்திரை சொல்வதில்லை. வெளிச்சமும் சூடும் எஞ்சியதையும் அழித்துவிடும். நாமோ குப்பியை அடுப்பருகே அலங்காரமாக வைக்கிறோம்!

இப்போது ராத்தாவின் எண்ணெய் கறுத்த குப்பியில், அலமாரியின் இருட்டில் இருக்கிறது. மருத்துவர் தந்த மாத்திரைகளை அவர் விட்டுவிடவில்லை. ஒரு கரண்டி எண்ணெயைச் சோற்றில் ஊற்றி உண்டு, இலேசாக இருமி, "நல்ல எண்ணெய்தான்" என்கிறார். சென்ற மாதம் மகன் அனுப்பிய புதிய குப்பியில் முத்திரை பெரிதாக இருந்தது. இனத்தின் பெயரும் இல்லை, பறித்த காலமும் இல்லை. அதனைத் தலைக்குத் தேய்க்க ஒதுக்கிவிட்டார்.